கல்லூரி விடுதியில் இறங்கிய நாரைகள்: ஒரு பல்லுயிர்ப் பதிவேட்டின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் ஊர், கல்லூரி, ஆட்கள் எவருடைய பெயரும் இல்லை. நாகரிகம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பாதி படித்தபின் தெரியும்.

பின்னணி

தென் தமிழகத்தில் மானாவாரி மாவட்டம் ஒன்று, அதில் ஒரு ஊராட்சி. பெரிய கண்மாய், இரண்டு ஊருணி, ஒரு அய்யனார் கோயில்காடு, அதற்கு அப்பால் கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் புறம்போக்கு. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தைகுத்தி நாரையும் புள்ளிமூக்கு வாத்தும் வந்து இறங்கும். கோடையில் அதே கண்மாய்க்குள் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு உள்ளூர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல ஆண்டுகள் பலரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்ததும் நாடெங்கும் அவசர அவசரமாகப் பதிவேடுகள் தயாராயின. எங்கள் கைக்கு வந்தது அப்படித் தயாரான ஒன்று. வெளியாள் யாரோ எழுதிக் கொடுத்தது. கடல் எந்தத் திசை என்றே தெரியாத அந்த ஊரின் மரப் பட்டியலில் அலையாத்தி மரம் இருந்தது. வேறு எங்கோ எழுதியதை அப்படியே பெயர்த்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஊராட்சித் தலைவர் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்மாயில் சீமைக் கருவேலத்தை ஏலம் விட வேண்டிய வேலை அவருக்கு இருந்தது. உள்ளே வேறு என்ன மரம் நிற்கிறது என்று ஒழுங்கான கணக்கு வேண்டும் என்றார். பக்கத்துக் கல்லூரியின் இயற்கைக் குழுவைக் கேட்டார். குழுவில் விலங்கியல் பேராசிரியை ஒருவர், இருபது பேர் அளவில் மாணவர்கள். ஊரைக் காட்டிக்கொடுக்க ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவர். கணினி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்ட நான், தரவு பார்த்துக்கொள்ளும் ஆளாக உள்ளே இழுக்கப்பட்டேன்.

கருவியைத் தேர்ந்தது

கூகுள் ஃபார்ம் போதும் என்றுதான் முதலில் சொன்னேன். பேராசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. "கொக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. எந்தக் கொக்குன்னு நான் எங்க போய்த் தேடுறது?" என்றார். படம் வேண்டும்; அதைப் பார்த்து நம்மைவிட விவரம் தெரிந்த ஒருவர் திருத்தவும் வேண்டும். அது நியாயம்.

கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவக் கருவி படத்தையும் இடத்தையும் வாங்கிக்கொள்ளும், திறந்த மூல நிரலும்கூட. ஆனால் அங்கே அடையாளம் சொல்ல ஆள் கிடையாது. 2015 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பால் சில மாணவர்களுக்கு இ-பேர்ட் என்ற பதிவுத் தளம் பழக்கம். அது பறவைக்கு மட்டும்தான், மரத்துக்கு ஆகாது. மிஞ்சியவை இரண்டு: 2008இல் வந்த இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல், அதே 2008இல் பெர்க்லியில் மூன்று மாணவர்களின் முதுகலை இறுதித் திட்டமாகத் தொடங்கி 2023இல் தனி லாபநோக்கற்ற அமைப்பாகிவிட்ட ஐநேச்சுரலிஸ்ட். பார்த்த உயிரினத்தின் படத்தைப் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லும் தளங்கள் இவை; இரண்டுமே திறந்த மூலம். கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காது. படத்தை எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு, பிறகு ஏற்றும் வசதி ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் மாணவர்களுக்கு எளிதாக வந்தது. பதிவு போட்ட கொஞ்ச நேரத்திலேயே யாராவது வந்து பெயர் சொன்னார்கள். அதையே எடுத்துக்கொண்டோம்.

ஊராட்சி அலுவலகத்தில் நடந்த முதல் கூட்டத்தில் நான் கொஞ்சம் பெருமையாகவே பேசினேன். "எல்லாம் திறந்தது. நிரல் கிட்ஹப்பில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். தரவை யாரும் இறக்கிக்கொள்ளலாம். நாளைக்கு அந்தத் தளமே மூடினாலும் ஜிபிஐஎஃப்பில் நகல் இருக்கும்." 2001இல் தொடங்கி, கோபன்ஹேகனில் செயலகம் வைத்து நடக்கும் உலகளாவிய பல்லுயிர்த் தகவல் அமைப்பு ஜிபிஐஎஃப். நகல் இருக்கும் என்று நான் சொன்னது பொய்யில்லை. அது பின்னால் எங்களையே எப்படித் திருப்பி அடித்தது என்பதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

முதல் மழை: கவனித்தவை

ஐப்பசியில் மழை பிடித்தது. பதிவுகள் கொட்டின. இரண்டு வாரம் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் வேறு மாவட்டத்தில் இருந்த ஒருவர், பறவைகளை அடையாளம் சொல்லிச் சொல்லிப் பழுத்த கை, ஒரு நத்தைகுத்தி நாரைப் பதிவின் கீழே எழுதினார்: "படம் அருமை. பறவை பெண்கள் விடுதி மாடியிலா நின்றது?"

வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். நாரைகள், வாத்துகள், கண்மாய்க் கரையின் தட்டான்கள், எல்லாம் கல்லூரி விடுதியின் மேல் குவிந்திருந்தன. கண்மாய் அங்கிருந்து பல கிலோமீட்டர்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை போனது. நல்ல கேமரா உள்ள கைபேசி சிலரிடம்தான் இருந்தது. அவர்கள் எடுத்த படத்தை மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அதற்குள் ஒட்டியிருக்கும் இடக் குறிப்பையும் நேரக் குறிப்பையும் உதிர்த்துவிடுகிறது. வாங்கியவர் இரவு விடுதியில் உட்கார்ந்து ஏற்றுகிறார். செயலி இடம் எங்கே என்று கேட்கிறது. அவர் 'இப்போது இருக்கும் இடம்' என்பதைத் தொடுகிறார். முடிந்தது. தேதியும் அப்படித்தான்: ஞாயிறு பார்த்த வாத்து செவ்வாய் இரவு பார்த்ததாகிவிடும். ஒரே நாரைக்கு ஐந்து பேர் பதிவு போட்டதும் இதே வழியில்தான்.

இன்னொரு சங்கதியும் வெளியே வந்தது. ஒரு பதிவு ஆய்வுத் தரம் என்ற நிலைக்கு வர வேண்டுமானால் தேதி, இடம், படம் அல்லது ஒலி இருக்க வேண்டும். உயிரி தானாக வாழ்வதாக இருக்க வேண்டும். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒத்துப்போனாலே இந்தக் கடைசி நிபந்தனை நிறைவேறிவிடும். மாணவர்கள் இதை மிக வேகமாகப் புரிந்துகொண்டார்கள். நீ எனக்கு ஒப்புதல் போடு, நான் உனக்குப் போடுகிறேன். மொய் எழுதுவது போல.

அதன் விளைவு வேல மரங்களில் பளிச்சென்று தெரிந்தது. கண்மாயில் மூன்று முள்மரங்கள் கலந்து நிற்கின்றன. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தது போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். குடைவேலம் தலை தட்டையாகக் குடை விரித்து நிற்கும், பூ வெள்ளை உருண்டை, காய் சுருண்டுகொள்ளும். சீமைக் கருவேலத்தின் பூ உருண்டையாக இராது, வெளிர்மஞ்சள் கதிராகத் தொங்கும். பூவும் காயும் இல்லாத காலத்தில் இலையை மட்டும் படம் எடுத்துப் போட்டால் செயலி ஏதோ ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். ஒருவர் அதைத் தொடுவார், இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பார். ஏலத்துக்குப் போக வேண்டிய மரமும் காப்பாற்ற வேண்டிய மரமும் ஒன்றின் பெயரில் இன்னொன்றாக ஆய்வுத் தரம் பெற்று நின்றன. கீதாரியிடம் காட்டினோம். "இதுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டு? ஆட்ட விடுங்க, அது சொல்லும்" என்றார்.

முதல் முடிவு: அழிக்காமல் திருத்துவது

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நானே அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். பேராசிரியை தடுத்தார். வெளியாட்கள் வேலை மெனக்கெட்டு அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். நாம் அழித்தால் அவர்கள் உழைப்பும் சேர்ந்து போகும், அடுத்த முறை நம் பதிவை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றார். அதில் நிர்வாக அறிவும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

ஆகவே நான்கு சனிக்கிழமைகள் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்தோம். ஒரு பதிவு, ஒரு கேள்வி: இதை எங்கே பார்த்தாய்? மூலப் படம் வைத்திருந்தவரின் கைபேசியில் இருந்து இடமும் நேரமும் எடுத்துத் திருத்தினோம். படம் எடுத்தவர் பெயரில் ஒரு பதிவை வைத்துக்கொண்டு மற்ற நகல்களை மட்டும் நீக்கினோம். வளாகத்தில் நட்ட மரங்களை வளர்ப்பு என்று குறித்தோம். அவை சாதாரண தரத்துக்கு இறங்கின. (எப்போதோ சமூகக் காடு திட்டத்தில் விதைத்த கருவேலத்தின் பேரன் பேத்திகள் காட்டு மரமா வளர்ப்பு மரமா என்று ஒரு முழு மணி நேரம் சண்டை நடந்தது. தானாக விழுந்த விதையில் முளைத்தது காட்டு மரம் என்று வைத்துக்கொண்டோம்.)

இடம் நினைவில்லாத பதிவுகள்தான் சிக்கல். மாணவர்கள் வரைபடத்தில் கண்மாய் நடுவே ஏதோ ஒரு புள்ளியை வைத்து முடித்துவிடப் பார்த்தார்கள். அங்கே நிறுத்தி ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எழுதும் பாகை அளவில் நான்காம் தசம இலக்கம் என்பது தரையில் ஏறத்தாழ 11 மீட்டர். ஆறாம் இலக்கம் ஒரு சாண்கூட இல்லை. செயலி எப்போதும் நிறைய இலக்கங்களைக் காட்டும். குத்துமதிப்பாக வைத்த புள்ளியும் சாண் கணக்கில் அளந்த புள்ளி போலவே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பதிவோடும் துல்லிய வட்டம் என்று ஒன்று இருக்கிறது: இந்த வட்டத்துக்குள் எங்கோ பார்த்தேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று சொல்லும் ஒப்புதல் அது. பல்லுயிர்த் தரவுக்கான டார்வின் கோர் தரத்திலும் இதற்கெனத் தனி நெடுவரிசை உண்டு.

எனவே விதி ஒன்று வைத்தோம். இடம் தெரிந்தால் சிறு வட்டம். தெரியாவிட்டால் ஊராட்சி முழுதும் அடங்கும் பெரிய வட்டம். நடுவில் பொய்ப் புள்ளி கிடையாது. படத்தை அனுப்ப வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் உள்ளே இருக்கும் குறிப்புகள் உதிராது. வேல மரத்துக்கு இலை, முள், பூ அல்லது காய் என்று குறைந்தது மூன்று படம். மரத்தை நேரில் பார்க்காதவர் ஒப்புதல் கொடுக்கக் கூடாது.

மாணவர்கள் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். இடத்தைத் துல்லியமாகச் சொல்வது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. அடுத்த சிக்கலுக்கு அஸ்திவாரம் போட்டதும் அதுதான்.

ஆமை

கார்த்திகையில் ஒரு மாலை, மழை வெறித்த நேரம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் புறம்போக்குப் பக்கம் நடந்தபோது ஒரு நட்சத்திர ஆமையைப் பார்த்தார். ஈரத்தில் புல் கடித்துக்கொண்டிருந்தது. ஓட்டின் மஞ்சள் கதிர்கள் கழுவிவிட்டது போலத் தெரிந்தன. நான்கு படம் எடுத்தார், தொடவில்லை, வந்துவிட்டார். இரவே பதிவு போட்டார்.

நட்சத்திர ஆமை இந்தியாவில் சட்டப் பாதுகாப்புள்ள உயிரினம். வளர்ப்புக்காக வெளிநாடுகளுக்குக் கடத்தப்படும் ஆமைகளில் இது முன்வரிசை. 2019இல், வன உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கே இதை உயர்த்திவிட்டார்கள். இது போன்ற அச்சுறுத்தலில் உள்ள இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மறைக்கும். உண்மையான புள்ளிக்குப் பதிலாக, 0.2 பாகைக்கு 0.2 பாகை கொண்ட ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நம் ஊர்ப்பக்கம் அந்தக் கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 22 கிலோமீட்டர். பிறர் பார்க்கும்போது நாளையும் மறைத்து மாதத்தை மட்டும் காட்டும். தளம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

நாங்கள் செய்யவில்லை. மாணவர் குறிப்புப் பெட்டியில், கற்றுக்கொடுத்த அக்கறையோடு, ஊர் பெயர், அய்யனார் கோயிலுக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி, நிலத்தின் சர்வே எண் வரை எழுதியிருந்தார். இரண்டாம் படத்தின் பின்னணியில் கோயிலின் மண்குதிரை, கழுத்து உடைந்தது, தெளிவாக நின்றது. ஊர்க்காரர் யாரும் அதைப் பார்த்தால் இடம் சொல்லிவிடுவார்கள். அது போதாதென்று, அதே நடையில் அதே மாணவர் போட்ட செடிப் பதிவுகள் ஐந்து மீட்டர் வட்டத்தோடு திறந்து கிடந்தன. பதிவு எண்கள் வரிசையாக ஓடும். ஆமைக்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் நடுவில் இருப்பது எங்கே என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

இதை நாங்கள் கண்டுபிடித்தது நான்கு நாள் கழித்து. அன்றுதான் தொடங்கியிருந்த ஒரு கணக்கிலிருந்து, ஒரு பதிவுகூடப் போடாத கணக்கு, ஆமையின் கீழே ஒரு கேள்வி வந்தது: எத்தனை இருக்கின்றன, எந்த நேரம் வெளியே வரும்? மாணவர் மகிழ்ந்துபோய்ப் பதில் எழுதத் தயாராகி, எனக்குக் காட்டினார். "அண்ணா, யாரோ இன்ட்ரஸ்டா கேக்குறாங்க."

ஏன் தயங்கினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. வெற்றுக் கணக்கு ஒரு காரணம். ஆமையின் இனம், உணவு, நடத்தை எதையும் கேட்காமல் எண்ணிக்கையையும் நேரத்தையும் மட்டும் கேட்டது இன்னொரு காரணம். பதில் போடாதே என்றேன். அந்த வாரத்திலேயே, பைக்கில் வந்த இரண்டு பேர் டீக்கடையில் ஆமை கிடைக்குமா என்று விசாரித்ததாகக் கீதாரி சொன்னார். அந்தக் கேள்விக்கும் இந்தப் பைக்குக்கும் தொடர்பு உண்டா என்று இன்று வரை தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். ஆமை கேட்டு வருகிறவர்கள் இணையம் வருவதற்கு முன்பே வந்துகொண்டிருந்தார்கள் என்று கீதாரியே சொன்னார்.

இரண்டாம் முடிவு: எதை மறைப்பது, எதைத் திறந்து வைப்பது

அன்று இரவே குறிப்பை அழித்தோம். குதிரை தெரிந்த படத்தை எடுத்துவிட்டு ஓடு மட்டும் தெரியும்படி வெட்டியதைப் போட்டோம். அந்த மாலை நடையின் மற்றப் பதிவுகளை மறைப்பு நிலைக்கு மாற்றினோம். கேள்வி கேட்ட கணக்கைத் தளத்தின் நிர்வாகத்துக்குக் குறித்து அனுப்பினோம். பேராசிரியை வனத்துறைக்குத் தகவல் சொன்னார்; ரோந்து வந்தார்கள்.

நகல் பற்றி அடுத்த நாள் காலைதான் எனக்கு உறைத்தது. ஆமைப் பதிவுக்கு இரண்டு பேர் அடையாளம் சொல்லியிருந்தார்கள். ஆய்வுத் தரம் வந்துவிட்டது. மாணவர் உரிமமும் பகிரலுக்கு ஏற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அப்படிப்பட்ட பதிவுகள் அவ்வப்போது ஜிபிஐஎஃப்புக்குப் போகும். தேடினேன். இருந்தது. இடம் மறைத்தபடியே இருந்தது. பாதுகாப்புக்காகத் துல்லியம் குறைக்கப்பட்டது என்ற அறிவிப்புக்கூட இருந்தது. ஆனால் குறிப்புரை நெடுவரிசையில் கோயிலும் சர்வே எண்ணும் ஓர் எழுத்து குறையாமல் உட்கார்ந்திருந்தன.

தளத்தில் நாங்கள் திருத்தியது அடுத்த புதுப்பிப்பில் அங்கேயும் திருந்தியது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் யாராவது அந்தத் தரவை இறக்கியிருந்தால் அது அவர்கள் கணினியில் இருக்கும். ஆய்வாளர்கள் செய்யும் ஒவ்வொரு பெரிய இறக்கத்துக்கும் நிரந்தர அடையாள எண் கொடுத்து, பின்னால் சரிபார்க்க முடியும்படி வைப்பது ஜிபிஐஎஃப்பின் பலம். அறிவியலுக்கு அது வரம். அன்று காலை எனக்கு அப்படித் தோன்றவில்லை. "தளமே மூடினாலும் நகல் இருக்கும்" என்று நான் சொன்ன கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. நிரல் திறந்திருப்பது, தரவின் உரிமம் திறந்திருப்பது, இடம் திறந்திருப்பது ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் கட்டி நான் விற்றிருக்கிறேன்.

அடுத்த கூட்டம் அவ்வளவு இலகுவாக இல்லை. ஒரு பக்கம், எல்லாப் பதிவையும் மறைத்துவிடலாம் என்றார்கள் மாணவர்களில் சிலர். இன்னொரு பக்கம் தலைவர்: 22 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ ஒரு குடைவேலம் என்றால் எனக்கு எதற்கு அது என்றார். கீதாரி கடைசியில் பேசினார். "மரம் எங்கயும் ஓடாது, சொல்லுங்க. ஆமயச் சொல்லாதீங்க. மருந்துச் செடி எதுக்கு ஆகும்ங்கிறதயும் சொல்லாதீங்க. நான் சொல்றது ஊருக்கு, வெளியூருக்கு இல்ல."

அதையே விதியாக்கினோம் என்றால் மிகையில்லை. மரம், பறவை, பூச்சி திறந்த இடத்தோடு தளத்தில். நாரைகளின் கூடு இருக்கும் மரம் மட்டும் கூடு கட்டும் காலத்தில் மறைப்பு. ஆமை போன்றவற்றின் இருப்பிடமும் மருத்துவப் பயன்களும் ஊராட்சியின் தாள் பதிவேட்டில் மட்டும். அதை யார் பார்ப்பது என்று குழு தீர்மானிக்கும். தளத்தில் மறைத்து வைத்த பதிவுகளின் உண்மை இடத்தை, உறுப்பினர்கள் சம்மதித்தால், திட்ட நிர்வாகிகள் பார்க்க முடியும். அந்த நம்பிக்கை உரிமையைப் பேராசிரியைக்கு மட்டும் கொடுக்கச் சொன்னோம். எனக்கு வேண்டாம் என்று நானே சொன்னேன்.

விளைந்தது

தை பிறந்ததும் சீமைக் கருவேல ஏலம். எடுத்தவர் மரத்தின் பெயர் பார்த்து வெட்டுகிற ஆளில்லை. ஜேசிபியை இறக்கினால் முள் எல்லாம் முள்தான். தலைவர் வரைபடம் கேட்டார். சிறு வட்டப் பதிவுகளை மட்டும் பிரித்து எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கண்மாய் எல்லையோடு போட்டு, அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாணவர்களும் கீதாரியும் அந்தத் தாளோடு இறங்கி, நாட்டுக் கருவேலத்துக்கும் குடைவேலத்துக்கும் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடித்தார்கள். பட்டை அடித்த மரங்கள் நின்றன. அந்த ஒரு தாளுக்காகவே நான்கு சனிக்கிழமையும் தகும் என்று பேராசிரியை சொன்னார்.

முழு வெற்றி என்று எழுத முடியாது. இடம் நினைவில்லாமல் பெரிய வட்டம் போட்டு வைத்திருந்த பதிவுகளில் ஒரு சிறு குடைவேலக் கூட்டமும் இருந்தது. நேரில் போய்ப் புள்ளி வைக்க வேண்டும் என்று குறித்திருந்தோம். பருவத் தேர்வு குறுக்கே வந்தது. ஏலத்தோடு அது போய்விட்டது. பொய்ப் புள்ளி வைத்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, சுண்ணாம்பு வேறு மரத்தில் ஏறியிருக்கும். ஆனாலும் வெட்டிய அடிமரத்தைப் பார்த்தபோது அந்த வாதம் பெரிய ஆறுதலாக இல்லை.

பழைய பதிவேட்டில் இருந்த அலையாத்தியைக் குழு முறையாகத் தீர்மானம் போட்டு நீக்கியது. புதிய பதிவேட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் பறவைக்கும் தளத்தின் பதிவு எண் எதிரே எழுதப்பட்டது. யாரும் சந்தேகம் கேட்டால் படத்தைக் காட்டலாம். இதற்கிடையில் சீமைக் கருவேலத்தின் அறிவியல் பேரினப் பெயரே ப்ரோசோபிஸ் என்பதிலிருந்து நெல்டுமா என்று மாறிவிட்டிருந்ததை அடையாளம் சொன்ன ஒருவர் சுட்டிக்காட்டினார். தாளில் இரண்டையும் எழுதினோம். தளத்தில் இதெல்லாம் தானாக மாறிக்கொள்கிறது. தாளில் அடித்துத்தான் எழுத வேண்டும்.

கேள்வி கேட்ட கணக்கிலிருந்து மறுபடி எதுவும் வரவில்லை. அந்தப் புறம்போக்கில் ஆமை திருடு போனதாக எந்தத் தகவலும் வரவில்லை. திருடு போனால் தகவல் வருமா என்பது வேறு.

மறுபடி செய்தால்

முதல் நாளே செயலியைத் திறக்கச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் தாளில் எழுதவிட்டு, எங்கே, எப்போது, யார் பார்த்தது என்ற மூன்றும் தாளிலேயே ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தபின்தான் கைபேசி. கேமரா கைபேசி இல்லாத மாணவருக்கு அவர் பார்த்ததை எழுதும் பொறுப்பைக் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் சுற்றே வந்திருக்காது. இருபது பேரும் பதிவுக் கணக்கு ஏற்ற வேண்டும் என்று நினைத்ததுதான் மூலத் தவறு.

மறைக்க வேண்டிய இனங்களின் பட்டியலை ஊரைக் கேட்டு முன்கூட்டியே எழுதுவேன். தளம் உலக அளவிலும் நாட்டு அளவிலும் ஆபத்தைப் பார்த்து மறைக்கிறது. ஒரு கிராமத்தில் எதற்கு ஆள் தேடி வருவார்கள் என்று அதற்குத் தெரியாது. குறிப்புப் பெட்டியில் ஊர், கோயில், சர்வே எண் எழுதக் கூடாது. பதிவேற்றும் முன் பின்னணியைப் பார்க்க வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்த்தபின்தான் ஏற்ற வேண்டும். இவை இப்போது ஆய்வகச் சுவரில் தமிழில் ஒட்டியிருக்கின்றன. எழுதியது அந்த இரண்டாம் ஆண்டு மாணவர்தான். அவரை யாரும் திட்டவில்லை, ஆனால் ரொம்ப நாள் அவர் காட்டுப் பக்கம் வரவில்லை. அதை நாங்கள் இன்னும் நன்றாகக் கையாண்டிருக்கலாம். பிழை கற்றுக்கொடுத்தவர்களுடையது என்று கூட்டத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துத் தனியாகச் சொன்னேன்.

ஒரு விஷயத்தில் பேராசிரியையும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆமைப் பதிவை மறைப்போடு தளத்தில் வைத்திருப்பதே சரி, இந்த வறட்டுக் காட்டில் ஆமை இருக்கிறது என்று எங்கும் பதிவில்லாவிட்டால் நாளை இது வெறும் தரிசு என்று சொல்லி எதற்கும் எடுத்துக்கொள்வார்கள் என்பது என் கட்சி. 22 கிலோமீட்டர் கட்டம்கூட ஒரு திசைகாட்டிதான் என்பது அவர் கட்சி. அந்த ஒரு பதிவு இப்போதும் தளத்தில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு மழைக்குப் பிறகு கீதாரி வந்து சொன்ன எண்ணிக்கை பேராசிரியையின் நோட்டில் பென்சிலில் இருக்கிறது. எத்தனை என்று நான் கேட்கவில்லை.